மூன்று பத்து

ஹாமர்ஃபெஸ்டில் விடியாத மாதம்.
வெளியே மைனஸ் பதினொன்று,
சுன்னிவாவின் சட்டையோ வியர்வையில் ஈரம்.

கல்லீரலை எழுப்பவேண்டிய குளுக்ககான்
பல வருடமாய் வேலைக்கு வருவதில்லை.
அட்ரினலின்தான் ஓடி வந்தது;
அதற்குக் கதவைத் தட்டத் தெரியாது,
உடைக்கத்தான் தெரியும்.

"சாறு குடி" என்றான் தோர்கெய்ர்.
"சும்மா இரேன்!"
கத்தியது யாரென்று
இருவருக்கும் தெரியும்.

ஆப்பிள் சாறு. பதினைந்து நிமிடம்.
மீட்டரில் எண் ஏறிவிட்டது,
பசிக்கு மட்டும் சேதி போகவில்லை.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே
பழுப்புப் பாலாடைக்கட்டி, ரொட்டி,
நேற்றைய காட் மீன்,
மறுபடி ரொட்டி.

ஏழு மணிக்கு, இதே இருட்டில்,
தின்றதற்கெல்லாம்
ஊசியிடம் கணக்குச் சொல்லவேண்டும்.

கடைசித் துண்டை
அவனிடம் நீட்டினாள்.
கை நடுங்கவில்லை.