எழுநூறா எண்ணூறா

எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடைக்கு மேலே
இரண்டாம் மாடி.
கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் ஃபர்ஹானா.
சத்தம் கேட்டால் அமுக்கணுமாம்.
வராத சத்தத்துக்கும் ரெண்டு தரம் அமுக்கினேன்,
ஃபெயிலாகிவிடக் கூடாதே என்று.

பிறகு ஓர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு
பல் என்றாள்.
கல் என்றேன்.
படி என்றாள்.
கடி என்றேன்.
அட்டையை எடும்மா, அப்புறம் கேளு என்றேன்.
எடுத்தாள். எல்லாம் சரியாகச் சொன்னேன்.
இத்தனை நாள் நான் கேட்டது
உதடுகளைத்தான்.

பத்தொன்பது வருசம் காசிமேட்டில்
ஐஸ் அரைக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் என் இடம்.
வலது காது மிஷின் பக்கம்.
தாளில் கோடு போட்டுக் காட்டினாள்.
நங்கூரக் கயிறு மாதிரி
கோடு நேரே கீழே போனது.

பதினெட்டாயிரத்தை முதலில் மாட்டிப் பார்த்தேன்.
பிளாஸ்டிக் பை கசங்கினால் கூரை இடிகிறது.
காக்கா, டீசல் போட்டு, ஏலம் விடும் தேவநேசன்,
எவளோ எவளையோ திட்டுவது,
எல்லாம் ஒரே கூடையில் கொட்டின மீன்.
பிரித்துப் பொறுக்க எனக்குத் தெரியும்.
ஆனால் மதியத்துக்குள் தலை விண்ணென்றது.

அடுத்தது தொண்ணூற்றைந்தாயிரம்.
தோல் நிறம், போனோடு பேசும்,
இரைச்சலை அதுவே கண்டுபிடித்து எடுத்துவிடுமாம்.
விடிகாலை நாலு மணிக்கு ஏலக்கூடத்தில் நின்றால்
பூசை முடிந்த கோயில் மாதிரி அமைதி.
தேவநேசன் வாய் அசைகிறது.
என் பிழைப்பு மொத்தத்தையும்
இரைச்சல் என்று எடுத்துவிட்டது மிஷின்.
ரெண்டு கூடை வஞ்சிரம் போச்சு.

ஆனால் அன்று ராத்திரி,
சோற்றுத் தட்டைப் பார்த்தபடி
அந்தோணி ஏதோ சொன்னார்.
குழம்பில் உப்பு தூக்கலாம்,
மாடி வீட்டுக்காரன் மோட்டார் மறுபடி ரிப்பேராம்,
முட்டி வலிக்கிறதாம்.
யாரிடம் என்று திரும்பிப் பார்த்தேன்.
வேறு யாருமில்லை.
பதில் வராது என்று தெரிந்தே
என்னிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்,
எத்தனை வருசமோ.

மூன்றாவதைத் தரும்போது சொன்னேன்:
உன் ரூமில் எல்லா மிஷினும் நல்ல மிஷின்தான்,
என் இடத்துக்கு வந்து பாரு.
வந்தாள்.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு,
ஐஸ் பெட்டி மேல் லேப்டாப்பை வைத்து,
நாலரை மணி கூச்சலில்
எதையோ ஏற்றினாள், எதையோ இறக்கினாள்.
இப்ப எப்படி ஆன்ட்டி?
இப்ப?
செதில் ஒட்டிய விரலால் அவளே பொத்தானை மாற்றினாள்.

தேவநேசன் எனக்கு முதுகைக் காட்டி
ஆயிரத்து எழுநூறு என்றான்.
முதுகு சொல்லி நான் கேட்ட முதல் எண்.
எண்ணூறு என்று கத்தினேன்.
ஏன்டி இப்படி கத்துறே என்றாள் பக்கத்துக் கூடைக்காரி.
அதுவும் கேட்டது.

நாற்பத்திரண்டாயிரம்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன்,
மூவாயிரத்து இருநூறு கழிவு.
வியர்வை பட்டால் கிறீச்சிடுகிறது,
உப்புக்காற்றுக்குப் பயந்து
ராத்திரி அரிசி டப்பாவில் தூங்குகிறது.
காதுக்குப் பின்னால் ஒரு சின்னப் புண்.

அரிசிக்குள் போடும் முன்னால்
வீட்டுப் பொத்தானில் கொஞ்ச நேரம்.
அந்தோணி ஏதாவது சொல்வார்.
தெளிவாகவே கேட்கும்.
ஆனாலும் பழக்கம் விடுகிறதா,
என்ன? என்பேன்.

அவர் இன்னொரு தரம் சொல்வார்.