ஏன் ரெண்டு இல்லை

ஆசாரிப்பள்ளத்தில்
என் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள்.
குழாய் வழியே பாட்டிலுக்கு,
முதலில் துளி, பிறகு நூல்.
மங்கின மஞ்சள்.
எனக்குப் பழகின வேகம்தான்,
விடியுமுன்னே சிரட்டையில்
ரப்பர் பால் இறங்குகிற வேகம்.
நாலு லிட்டர் என்றார் நர்ஸ்.
முந்நூறு மரம் வெட்டுகிறவன் மனசு
எத்தனை சிரட்டை என்று
தானாகக் கணக்குப் போட்டது.

பிறகு பிரமிளா என்று ஒரு பெண் வந்தாள்.
கையில் அட்டை, அட்டையில் ஒரு கோடு,
பூஜ்யம் முதல் பத்து வரை.
திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.
லில்லிபாய் திட்டியாயிற்று, போதகர் திட்டியாயிற்று,
குலசேகரம் பஸ்ஸில் கண்டக்டர்கூட ஒருநாள்.
"குடியைக் குறைக்கணும்னு
உங்களுக்கு எவ்வளவு தோணுது?
ஒரு நம்பர் சொல்லுங்க."

பத்து என்றால் பொய்.
நாலு என்றேன்.

"ஏன் ரெண்டு இல்லை?"

ஏன் பத்து இல்லை என்றுதான்
இத்தனை வருஷமும் கேட்டார்கள்.
இதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை.

மெல்லச் சொன்னேன்.
பட்டைக்கும் தடிக்கும் நடுவே
ஒரு நூல் கனம்தான் இருக்கும்.
அங்கே நிற்கவேண்டும் கத்தி.
இருபத்தாறு வருஷம் நின்றது.
போன கார்த்திகையில்,
காலையில் ஒரு மடக்கு இறங்காமல்
கை அடங்காது என்றான பிறகு,
ஆற்றோரத்து மரம் ஒன்றில்
உள்ளே போய்விட்டது.
வெள்ளையாகத் தடி தெரிந்தது.
முதலாளி பார்க்குமுன்
செம்மண் குழைத்துப் பூசினேன்.
இனி அந்த இடம் முண்டு கட்டித்தான் வளரும்,
கத்தி ஓடாது.
மரம் சத்தம் போடவில்லை.
ஈரலும் அப்படித்தானாம்.
ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்.

பிரமிளா எதையும் எழுதவில்லை.
"அதுதானா அந்த ரெண்டு?"
"அதில் ஒண்ணு."
மற்றதைச் சொல்லவில்லை.
அது எனக்கும் லில்லிபாய்க்கும்.

சட்டென்று நிறுத்தினால் உடம்பு கிடுகிடுக்கும்,
எங்களிடம் சொல்லிச் செய்யுங்கள் என்றார்கள்.
கை நடுக்கத்துக்கு மாத்திரை,
உப்பில்லாத கஞ்சி.
போகும்போது பஸ்ஸில்
கடைக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி
கால்வாய்க் கரை வழியே நடந்தேன்.
வீங்கின காலுக்கு அது நல்ல தூரம்.
மறுநாள் இறங்கவில்லை.
அதற்கு மறுநாள் இறங்கினேன்.

அடுத்த மாசமும் நம்பர் கேட்பாளாம்.
அஞ்சு என்று சொல்ல ஆசைதான்.
நாலரை சொல்லலாமா என்று
கேட்காமல் வந்துவிட்டேன்.