அடுப்பு எண் 114

லீமாவில் ஆறு மாதம் துணி உலராது.
மூன்றாம் மாடி வகுப்பில் பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு
புகையைப் பற்றிப் படிக்கிறோம்:
நுண்துகள், நுரையீரல், விறகு,
ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று ஒரு எண்.
எண்ணைக் குறித்துக்கொண்டு காப்பி குடிக்கப் போகிறோம்.

மலைமேல் நூற்றிருபது வீடுகளுக்குப்
புகைபோக்கி வைத்த அடுப்பு கொடுத்தாயிற்று.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் பொத்தான் அளவு ஒரு கருவி,
பத்து நிமிடத்துக்கொரு தரம் சூட்டைக் குறித்துக்கொள்ளும்.
அது பொய் சொல்லாது என்றார் பேராசிரியர் இர்மா.
மனிதர்கள் சொல்வார்கள்,
வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று.

என் பங்குக்குப் பதினேழு கோடுகள்.
பதினாறு, வேளைக்கு வேளை எழுந்து அமர்ந்தன.
114 மட்டும் படுத்த படுக்கை.
எட்டு டிகிரி, ஒன்பது, பத்து, எட்டு.
பிறகு ஜூலையில் ஓர் இரவு
இருபத்தாறுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.
சமைக்கிற சூடில்லை. அணைந்த சூடுமில்லை.
கோப்பு முடியும்வரை பதினோரு நாள்
உள்ளே யாரோ காய்ச்சலில் கிடப்பதுபோல.

கருவிக் கோளாறு என்று போட்டுவிட்டு
அடுத்ததைப் பார் என்றான் அர்னால்டோ.
போட்டேன்.
அழித்தேன்.

பேருந்தில் இருபத்திரண்டு மணி நேரம், அப்புறம் உருளைக்கிழங்கு லாரி.
நாலாயிரம் மீட்டர் உயரத்தில்
என் மூச்சையே நான் கடன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

எபிஃபானியாவின் வீட்டில் தரையில் மூன்று கல்,
அதில் நெருப்பு, அதன்மேல் சட்டி.
மூலையில் நாங்கள் கொடுத்தது, பூசிய சுண்ணாம்பு கலையாமல்,
வாய் நிறைய வைக்கோல்.
வைக்கோலுக்குள் கண்கள்.
எலிக்கும் முயலுக்கும் நடுவே ஏதோ ஒன்று.
கூயி என்கிறார்கள், அது கத்துவதும் அப்படித்தான்.
இரண்டு தாய், ஏழு குட்டி,
பிறக்கும்போதே ரோமமும் திறந்த கண்ணுமாக.

'அடுப்பில் பூனை தூங்குகிறது' என்றால்
என் மொழியில், அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று பொருள்.
ருத் மெரியிடம் சொன்னேன், அவள் கெச்சுவாவில் சொன்னாள்.
எபிஃபானியா சட்டியைத் திறந்து காட்டினாள்.
சிரித்தாள்.
சிரிப்பு எங்கே முடிந்து இருமல் எங்கே தொடங்கியது
என்று எனக்குத் தெரியவில்லை.

கேள்வி இருபத்து மூன்று:
புதிய அடுப்பைப் பயன்படுத்துகிறீர்களா?
பயன்படுத்துகிறேனே, என்றாள்.
பனி இறங்கிய வாரம் ஒரு குட்டிகூடச் சாகவில்லை.

லீமாவிலிருந்தே ஒரு சொல்லைக் கொண்டுவந்திருந்தேன், பண்பாடு என்று.
அதை வைத்துப் பத்துப் பக்கம் எழுதிவிடலாம்.
கூரைப்புல்லில் பூச்சி விழாமலிருக்கப் புகை வேண்டும்,
கூயிகளுக்குத் தரைச்சூடு வேண்டும், எல்லாம் உண்மை.
உத்தரத்திலிருந்து சடையாகத் தொங்கும் கரியும் உண்மை.
மார்ச் மாதம் மருத்துவமனை எழுதித் தந்த நெஞ்சுப் படத்துக்கான சீட்டு
உப்பு டப்பாவுக்கு அடியில் நான்காக மடிந்திருப்பதும்.

புகை வேண்டுமா என்று என்னைத்தான் கேட்டாள் எபிஃபானியா.
தகரக் கூரை போட்டுத் தருவீர்களா,
அப்புறம் எனக்கெதற்குப் புகை?
ருத் மெரி இதை மொழிபெயர்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்தாள்.
எங்கள் நிதி அடுப்புக்கு மட்டும்.

திரும்பி வந்து சொன்னபோது வகுப்பே சிரித்தது,
குட்டிகளைப் பற்றி.
ஆக, பயன்பாடு இல்லை, சரிதானே, என்றார் இர்மா,
அன்பாகத்தான்.
என் கோட்டில் புகை நாற்றம் போகவில்லை.
ஈரச் சுவரில் மாட்டினால் எது போகும்?

செப்டம்பரில் புதிய கோப்பு.
114: இருபத்தைந்து, இருபத்தைந்து,
ஒரு ஞாயிறு காலை பதினாறு, மதியம் பத்து.
விற்றுவிட்டாள். இவ்வளவு படிக்கக் கற்றிருக்கிறேன்.
ஞாயிறு சந்தை நாள்.
சந்தையிலிருந்து மருத்துவமனைக்குப் பேருந்து உண்டு.

ஏறினாளா என்று பொத்தானுக்குத் தெரியாது.
ருத் மெரியைக் கூப்பிடுகிறேன்.
எடுக்கவில்லை.
மலையில் மூன்று இடங்களில்தான் சிக்னல் கிடைக்கும்,
மூன்றில் ஒன்றில் அவள் நிற்கிற நேரம்வரை
கூப்பிட வேண்டும்.