முப்பத்தாறு

விமலேஷ் என்ற பையன் வந்து
கணினியில் அதை ஏற்றிவிட்டுப் போனான்.
"பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் குடுங்க மேடம்,
ராத்திரியோட ராத்திரியா படிச்சிடும்."
அஸ்தம்பட்டி ரவுண்டானாவில்
கடைசி ஏற்காட்டு பஸ் திரும்பிப் போனபின்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பதினொரு வருஷத்து வாய்களை
ஒவ்வொன்றாய் அதற்குத் திறந்து காட்டினேன்.

அது ஆ காட்டச் சொல்வதில்லை.
கொட்டாவி விடுவதில்லை.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைக்காரரின் தேய்ந்த முன்பல்,
ஜவ்வரிசி ஆலைக் கணக்கர்
பாதியில் விட்டுப்போன வேர்சிகிச்சை,
கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில்
கம்பி மாட்டக் கேட்டவளின் கோணல்,
எல்லாவற்றிலும் மஞ்சள் கட்டம்.
பெரும்பாலும் நான் சொன்னதையே சொன்னது.
வாத்தியார் சரி போட்ட நோட்டைப் பார்ப்பதுபோல
கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

ஒன்றேகால் மணிக்கு நல்லாயி.
வயது நாற்பத்தொன்று. மஞ்சக்குட்டை.
காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பு.
இருபது கொண்டை ஊசி வளைவும்
முந்தானையைத் தாடையில் அழுத்தியபடி
இறங்கி வந்தவள், ஆறு வருஷம் முன்பு.

இடது கீழ்த்தாடை.
நான் பிடுங்கியது முப்பத்தேழு.
கட்டம் விழுந்தது முப்பத்தாறின் வேர் நுனியில்.
மிளகளவு நிழல்.
தொண்ணூற்று நான்கு சதவீதம் என்றது.

பெரிதாக்கினேன், இருந்தது.
சின்னதாக்கினேன், இருந்தது.
அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன்.
அன்றைக்கும் இருந்திருக்கிறது.

இன்னும் நாலைந்து வருஷத்தில்
இதற்குக் கையும் வந்துவிடுமாம்,
துளைக்குமாம், தைக்குமாம்,
நடுங்கவே நடுங்காதாம்.
வரட்டும். வருவதைப் பற்றி எனக்குப் பயமில்லை.
திரும்பிப் பார்க்கும் என்று
விமலேஷ் சொல்லவேயில்லை.

தவிர, இது முதல் ஆள் இல்லை.
ஊசி போடும் முன்னால்
காப்பிப் பழப் பிசின் கறுத்த விரலை உள்ளே விட்டு
"இதில்லீங்க, இதுக்கு முந்தினது" என்றாள் அவள்.
"வலி அப்பிடித்தாம்மா, தாவித் தாவித் தெரியும்."
கன்னத்தைத் தட்டிச் சிரித்தேன்.
சதவீதம் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.
ஈர நோட்டுகளாய் முந்நூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தாள்.
பல்லைக் கேட்டு வாங்கி
பஸ் டிக்கெட்டில் சுற்றிக்கொண்டாள்.
நல்ல பல்.

பதிவைத் திருத்தவா? என்று கேட்கிறது திரை.
ஆம். இல்லை.
அம்புக்குறி நடுவில் நிற்கிறது.

விடிந்ததும் அவள் எண்ணுக்கு அடித்தேன்.
உபயோகத்தில் இல்லையாம்.
ஜெரினா இடுக்கிகளைக் கொதிக்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குட்டைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்றேன்.
"ஆறே முக்கால்.
போய் என்னன்னு சொல்லுவீங்க?"

அதற்குள் முதல் டோக்கன்காரர் வந்து உட்கார்ந்து
நான் எதுவும் கேட்கும் முன்பே
ஒரு விரலை
வாய்க்குள் விட்டார்.