ஆனி முப்பத்திரண்டு

காரைக்குடி நூறடி ரோட்டில்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேல்மாடி.
வார்னிஷ் வாசம் படியேறி வரும் அறை.
பத்திலிருந்து இரண்டு வரை கரண்ட் இல்லை என்று
நேற்றே வாட்ஸப்பில் வந்துவிட்டது.
லேப்டாப்பில் நாற்பத்தொரு சதவீதம்.
அதற்குள் முடிக்கவேண்டியது சின்ன வேலை:
ஒரு பழைய ரிமோட்டை எடுத்துவிட வேண்டும்.

பெரிய நிரல் ஒன்றும் இல்லை.
கண்டனூரில் ஒரு வீடு, பதினாறு புள்ளி பங்காளிகள்.
யார் விசேஷத்துக்கு எந்தத் தேதி,
வளவு யாருக்கு, இரண்டாம் கட்டு யாருக்கு,
சாவி யார் கையிலிருந்து யார் கைக்கு.
எழுதியது நானும் வயிரவனும்.

பட்டியலைக் கேட்டேன்.
மூன்று பெயர், ஒவ்வொன்றும் இரண்டு தரம்,
வாங்க ஒரு முகவரி, கொடுக்க ஒரு முகவரி.
ஆரிஜின்: மாதவாடகை சர்வர்.
பேக்கப்: மேசை இழுப்பறையில் கிடக்கும் டிஸ்க்.
மூன்றாவது: வீணாப்போனவன்.

அந்தப் பெயர் நான் வைத்தது.
பெயர் மாற்ற ஒரு வரி போதும்.
மறுமுனையில் இருப்பவனுக்குத் தெரியவே தெரியாது
அவனை இங்கே என்னவென்று கூப்பிடுகிறோம் என்று.

ஆனிக்கு முப்பத்தொரு நாள் என்று
அட்டவணையில் அடித்துவைத்திருந்தோம்.
சில வருஷம் முப்பத்திரண்டு வரும்.
அந்த வருஷம் வந்தது.
இல்லாத நாளை என்ன செய்வதென்று தெரியாமல்
நிரல் அதைக் கொண்டுபோய் ஆடி ஒன்றில் வைத்தது.
அறுபதாம் கல்யாணத்துக்கு
இரண்டு வேன் நிறையப் பாத்திரத்தோடு
சமையல்காரர்கள் விடியற்காலை வாசலில்.
வாசலில் பூட்டு. சாவி தேவகோட்டையில்.

நீ எழுதினது என்றேன். நீ எழுதினது என்றான்.
எந்த வரியைத் தொட்டாலும்
எழுதியவன் பெயரைச் சொல்லிவிடும் கருவி அது.
அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.
அவன் ஈப்போவுக்கு வேலைக்குப் போனான்.
அன்றிரவே ஆரிஜினில் அவன் அனுமதியை எடுத்தேன்.
அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும்
நாற்பது வரியில் ஒட்டுப்போட்டு மூடினேன்.

நீக்கும் கட்டளையை அடித்தாயிற்று.
என்டர் மட்டும் பாக்கி.
எடுக்குமுன் ஒருதரம் ஃபெட்ச் செய்துவிடுவது என் வழக்கம்.
பாசமெல்லாம் இல்லை.

ஒரே ஒரு கமிட் வந்து விழுந்தது.
பதினான்கு மாதப் பழசு.
குறிப்பு: ஆனி 32. எல்லா வருஷத்துக்கும்.
சூரியன் ராசி மாறும் நேரத்திலிருந்து
மாதத்தின் நீளத்தைக் கணக்கிட்டிருந்தான்.
பதினெட்டு வரி சேர்த்து
என் நாற்பதையும் அழித்திருந்தான்.
கடைசியில் ஒரு சோதனை, அதற்குப் பெயர்
இரண்டு வேன் ஒரு பூட்டு.

இப்போது கேட்டேன், அந்த அட்டவணை வரியை.
என் பெயரைச் சொன்னது.
தேதி, மணி, நிமிஷத்தோடு.

அவனால் இங்கே அனுப்பியிருக்க முடியாது.
கதவைச் சாத்தியவன் நான்.
தன் பக்கத்தில் வைத்துவிட்டு இருந்திருக்கிறான்.
வந்து எடுப்பான் என்றா, எடுக்கமாட்டான் என்றா,
அதை எழுத கமிட்டில் இடம் கிடையாது.

இருபத்திரண்டு சதவீதம்.
அடித்ததை அழித்தேன். இணைத்தேன்.
ஒரு மோதலும் இல்லாமல் இணைந்தது,
அதுதான் கொஞ்சம் உறுத்தியது.
பெயரை மாற்றினேன்: வயிரவன்.
சும்மா ஒரு புஷ் கொடுத்துப் பார்த்தேன்.
அனுமதி மறுக்கப்பட்டது.
நியாயம்தான்.
அவனிடம் வாங்கலாம், கொடுக்க முடியாது.

ஆரிஜினில் அவனைத் திரும்பச் சேர்த்தேன்.
இரண்டு வரி எழுதலாம் என்று நினைப்பதற்குள்
எந்திரமே தன் வாசகத்தில் அழைப்பை அனுப்பிவிட்டது,
ஏழு நாள் கெடு என்று
அதுவே போட்டுக்கொண்டு.

மணி பதினொன்றரை.
ஈப்போவில் இரண்டு.
சாப்பிட்டிருப்பான்.