இருபது நொடி

இருபது நொடி கை கழுவச் சொல்கிறது
டென்னிஹாட்சோ கிளினிக் சுவரொட்டி.
குழாய் வராத நவாஹோ வீட்டில்
இருபது நொடி என்றால் எத்தனை குவளை?
வெர்னா அளந்து பார்த்தாள்:
மூன்று. நுரை போக வேண்டுமென்றால் நான்கு.

வியாழன்தோறும் எல்ராயின் தண்ணீர் லாரி.
கதவைத் தட்டக் கூடாது இப்போது.
ஹாரன் அடிப்பான், நீலப் பீப்பாயில்
ரப்பர் குழாயைச் சொருகுவான்,
திரைச்சீலை அசைகிறதா என்று பார்ப்பான்.
அசைந்தால் எல்லோரும் நலம்,
அவனாக வைத்துக்கொண்ட கணக்கு.

இந்த வாரம்
வெர்னாவின் பீப்பாய் விளிம்பு வரை நிறைந்திருந்தது.
போன வாரத் தண்ணீர். மேலே செம்மண் படலம்.
ஹாரன் அடித்தான். இன்னொரு முறை, நீளமாக.
ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன.

முகக்கவசத்தை இறக்கிவிட்டு
பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
பிறகு ஒரு வாளி மொண்டு
ஆடுகளுக்கு வைத்தான்.
கை கழுவினான்,
எண்ணாமல்.