கால் மார்க்

உலகனேரி, ஐகோர்ட்டுக்கு எதிர்ப்புறம்,
டீக்கடைக்கும் நோட்டரி போர்டுக்கும் நடுவில்
ஜெராக்ஸ் கடை. பக்கம் ஒரு ரூபாய்.
நகல் எடுப்பவள் படிக்கக் கூடாதென்று சட்டமில்லை.
படித்தேன்.

ஆறு வருஷம் ஊரார் வழக்கைப் படித்தவளுக்கு
சட்டம் படிக்க ஒரு பரீட்சை இருப்பது
போன மே மாதம்தான் தெரிந்தது.
கிளாட். மூன்றே எழுத்து.
நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது நிமிஷம்,
தப்புக்குக் கால் மார்க் கழிவு.
வயது உச்சவரம்பு இல்லை என்ற வரியிருந்த தாளை மட்டும்
எதற்கும் இருக்கட்டுமென்று
இரண்டு நகல் எடுத்து வைத்தேன்.

பத்தாம் வகுப்புச் சான்றில் மெகமுதா,
ஆதாரில் மஹ்மூதா.
இருவரும் ஒருவரே என்று
பக்கத்து போர்டுக்காரரிடம் உறுதிமொழிப் பத்திரம்.
எனக்கே சந்தேகமாக இருந்தது, கையெழுத்துப் போட்டேன்.

மிஷின் சூடாறும் மத்தியானங்களில் படிப்பு.
இங்கிலீஷ் பத்தி
மாட்டுத்தாவணியில் பஸ் பிடிக்கிற மாதிரி:
போர்டைப் படித்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும்.
கணக்கு பரவாயில்லை.
நடப்புச் செய்தி, வடை மடித்த தாளிலும் வரும்.

சட்டப் பகுதியில்
ஒரு கோட்பாடு தருவார்கள், ஒரு சம்பவம் தருவார்கள்.
கண்ணாடிமேல் தாளை வைப்பதுபோல
ஒன்றின்மேல் ஒன்றை வைக்க வேண்டும்.
மூலை பொருந்தினால் விடை.
வெளியே தெரிந்ததை உள்ளே கொண்டுவராதே
என்று தடித்த எழுத்தில் இருக்கும்.

மாதிரித் தேர்வு ஒன்பது. கேள்வி எழுபத்து நாலு.
'அ' தன் நிலத்தில் கல் உடைக்கிறார்.
தூசி 'ஆ'வின் வயலில் விழுகிறது.
நியாயமான அளவைத் தாண்டினால்தான் தொல்லை, இது கோட்பாடு.
'ஆ' வெல்வாரா?

எனக்கு 'ஆ'வைத் தெரியும்.
மேலூர்ப் பக்கம். பெயர் சேவுகன்.
மஞ்சள் பையில் கட்டு, ஒன்பது வருஷம்,
பதினோரு தடவை நகல்.
கத்தரிப்பூ வெள்ளையாகப் பூத்ததென்று
நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.
வெல்வார் என்ற வட்டத்தை
பேனா அழுந்த நிரப்பினேன்.

தப்பு.
முடிவு சொல்ல இயலாது என்பதே விடை.
தூசியின் அளவு பத்தியில் சொல்லப்படவில்லையாம்.

அன்றிரவு ஒத்தக்கடை வரை நடந்தே போனேன்.
இருட்டில் யானைமலை படுத்திருந்தது.
அதன் அளவும்
பத்தியில் சொல்லப்படவில்லை.

பிறகு பழகிவிட்டது.
சேவுகனை வாசலில் நிறுத்திவிட்டு
உள்ளே போய் விடை போட்டுத் திரும்பினேன்.
அறுபது, எழுபத்தொன்று, எண்பத்து நாலு.
மார்க் ஏற ஏற
வாசலில் நிற்பவர் முகம் மங்கியது,
டோனர் தீரப்போகிற மிஷினில் வருவதுபோல.

டிசம்பர், ஞாயிறு, மதியம் இரண்டு மணி.
பக்கத்து பெஞ்சுப் பெண் பள்ளிக்கூட ஷூவோடு வந்திருந்தாள்.
எனக்கு அக்கா என்பதா மேடம் என்பதா என்று குழம்பி
பேனா மட்டும் கேட்டாள். கொடுத்தேன்.
சுவர் ஒன்று சரிந்து ஒருவன் காலொடிந்த கேள்வியை
முப்பது செகண்டில் முடித்தேன்.
யார் காலென்று பார்க்கவில்லை.

திங்கள்கிழமை சேவுகன் வந்தார்.
"பரீட்சை எப்பிடித் தாயி?"
"நாலு கேள்விய விட்டுட்டேண்ணே."
"அதனாலென்ன, எனக்கு நாலு ஜட்ஜு மாறியாச்சு."

பன்னிரண்டாவது நகல்.
நாற்பத்திரண்டாம் பக்கம் கண்ணாடிமேல் கிடந்தது.
நகலின் நகலின் நகல். கத்தரிப்பூ கறுத்துவிட்டது.
மூடியை இறக்கப் போன கை நின்றது.

"அண்ணே, தூசி எவ்வளவுன்னு
யாராச்சும் வந்து அளந்தாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார்.
மிஷினைப் பார்த்தார்.
"இத யாருமே கேக்கலியே தாயி."

பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள்.
மிஷினை அணைத்தேன்.
கட்டை அவிழ்த்து
முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம்.